முதுகு ஊசியும் நரம்பு நோயும்: ஒரு பழைய அச்சத்தின் விசாரணை

சித்திரை, வைகாசி மாதங்களில் சேலத்துச் சமவெளியில் வெப்பம் 38, 40 டிகிரியைத் தொடும் நாட்களில், சுமார் முப்பது கிலோமீட்டர் தூரமும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் கடந்து, கடல் மட்டத்துக்குமேல் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கு ஏறிச் செல்பவர்களில் பெரும்பாலோர் ஏரியில் படகு விடவும், லேடீஸ் சீட்டில் நின்று அடிவாரத்து நகரத்தின் விளக்குகளைப் பார்த்து மகிழவுமே போகிறார்கள் என்றாலும், வெயில் என்பது வெறும் அசௌகரியமாக நின்றுவிடாமல் கண்ணையோ காலையோ சில மணி நேரத்துக்குச் செயலற்றதாக்கிவிடும் ஒருவகை நோயாளிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். சேர்வராயன் மலையின் குளிர்ச்சி அவர்களுக்கு உல்லாசமன்று, ஏறக்குறைய ஔஷதம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று டாக்டர்களும், எம்.எஸ். என்று நோயாளிகளும், தண்டுவட மரப்பு நோய் என்று தமிழ்ப் பத்திரிகைகளும் குறிப்பிடும் வியாதி இது. 1890-இல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் வைத்தியர், இவ்வியாதி உடையவர்கள் சிறிது வேகமாக நடந்த மாத்திரத்தில் பார்வை மங்குவதையும், ஓய்ந்து உட்கார்ந்ததும் அது தெளிந்துவிடுவதையும் கவனித்து எழுதிவைத்தார். அதற்குக் காரணம் உழைப்பன்று, உழைப்பினால் ஏறும் உடற்சூடே என்பது பிற்பாடு விளங்கிற்று. எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில், சந்தேகத்துக்கு இடமான நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துக் கைகால் தளர்கிறதா என்று பார்ப்பதே ஒரு பரீட்சையாக வழங்கிவந்தது; இன்று கேட்பவர்களுக்கு அது சற்றுக் கொடூரமாகத் தோன்றலாம். ஆயினும் உடம்பின் உஷ்ணம் ஒரு டிகிரியோ அதற்கும் குறைவாகவோ கூடினாலும் இந்நோயாளிகளின் பழைய குறைகள் தலைதூக்கும் என்ற அந்த அறிவை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். நாம் விசாரிக்கப்போகும் வழக்கில் முக்கியமான சாட்சி அதுவே.

வழக்கு இதுதான். ஏற்காட்டு மலைமேல் நாகலூரிலோ வெள்ளக்கடையிலோ ஒரு காப்பித் தோட்டத்தை அடுத்துக் குடியிருக்கும் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, இரண்டு வருஷங்களுக்குமுன் ஒரு கண் மங்கி, பிறகு இடது கால் இழுத்து, எம்.எஸ். என்று நிர்ணயிக்கப்பட்டவள், இப்போது நிறைமாதக் கர்ப்பிணி என்று வைத்துக்கொள்வோம். பிரசவத்துக்கு அவள் சேலத்துக்கு இறங்கியாக வேண்டும். சிசேரியன் தேவைப்பட்டால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வதே நம் ஆஸ்பத்திரிகளின் சகஜமான வழக்கம். 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியனாக இருக்கும் நிலையில், இது அபூர்வமாக எழும் கேள்வியன்று. நோய் வாசம் செய்யும் அதே தண்டுவடத்துக்கு அருகில், நரம்பை மரக்கச் செய்யும் மருந்தைச் செலுத்தலாமா? செலுத்தினால் நோய் பெருகுமா? முதுகு ஊசி என்றாலே ஆயுள் முழுவதும் முதுகுவலி என்று நம்பும் மாமியாரும், ஏதாவது நேர்ந்தால் பழி தம்மேல் விழுமே என்று தயங்கும் மயக்க மருந்து நிபுணரும், வெவ்வேறு பாதைகளில் வந்து ஒரே பயத்தில் சந்திக்கிறார்கள்.

முதலில் வியாதியின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாரிஸ் நகரத்து ஸால்பெட்ரியேர் ஆஸ்பத்திரியில் ஷார்க்கோ என்ற மேதை 1868-இல் இதைத் தனி நோயாக வரையறுத்துக் காட்டினார். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையை, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே பகைவனென்று மயங்கித் தாக்குகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் பார்வை நரம்பிலும் ஆங்காங்கே உறை உரிந்த தழும்புகள் உண்டாகின்றன. பெரும்பாலோருக்கு நோய் விட்டுவிட்டு வருகிறது: ஒரு தாக்கு, ஒரு தணிவு, மறுபடியும் தாக்கு. இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தொடங்குவது இதன் வழக்கம். ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பற்றுகிறது. எனவே பிரசவமும் இந்நோயும் ஒரே உடலில் சந்திப்பது விதிவசத்தால் மட்டும் நேர்வதன்று.

நம் நாட்டில் இது அரிது என்பது நெடுநாள் நிலவிய அபிப்பிராயம். பூமத்திய ரேகையை அணுக அணுக இந்நோய் குறைகிறது என்பது உண்மையே. ஐரோப்பாவின் வட பகுதிகளில் காணும் எண்ணிக்கைக்கு அருகில்கூட நாம் வருவதில்லை. பம்பாய்ப் பார்சிகளில் லட்சத்துக்கு இருபதுக்கு மேல் என்று 1980-களில் கணக்கிட்டபோது, அது அந்தச் சமூகத்தின் தனிச்சிறப்பு என்று ஒதுக்கிவிடப்பட்டது. ஆனால் மங்களூரில் நடந்த கணக்கெடுப்பு லட்சத்துக்குச் சுமார் 8 என்று காட்டியபோது, அரிதாக இருந்தது நோயா, நோயைக் காணும் கண்ணா என்ற ஐயம் எழுந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்ட 21 குறைபாடுகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. வேலூரிலும் சென்னையிலும் மட்டுமல்ல, சேலத்திலும் இன்று நரம்பியல் நிபுணர்கள் இருக்கிறார்கள், எம்.ஆர்.ஐ. இருக்கிறது, முன்பு வாதம் என்றும் பலவீனம் என்றும் போய்விட்ட கேஸ்கள் இப்போது பெயர் பெறுகின்றன.

இனி அச்சத்தின் பூர்வோத்திரம். 1898 ஆகஸ்டில் கீல் நகரத்தில் ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜன், தண்டுவட நீருக்குள் கொக்கெய்னைச் செலுத்தி அறுவை செய்து ஸ்பைனல் அனஸ்தீஸியாவைத் தொடங்கிவைத்தார்; பிறகு தம் முதுகிலும் தம் உதவியாளர் முதுகிலும் அதைப் பரீட்சித்து, நாள் கணக்கில் தலைவலியால் படுத்தார். 1921-இல் ஸ்பெயின் நாட்டு ராணுவ வைத்தியர் ஃபிடெல் பாஹேஸ், தண்டுவட நீரைச் சூழ்ந்த உறையைத் துளைக்காமல் அதற்கு வெளியிலுள்ள இடைவெளியில் மருந்தை நிறுத்தும் எபிடியூரல் முறையை விவரித்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் விஷயத்தில் அலட்சியம் செய்யத்தக்கதன்று: ஸ்பைனலில் மருந்து தண்டுவடத்தைக் குளிப்பாட்டும் நீரிலேயே நேராகக் கலக்கிறது, எபிடியூரலிலோ உறைகளைக் கசிந்து கடந்துதான் உள்ளே போக வேண்டியிருப்பதால், செலுத்தும் மொத்த மருந்து அதிகமானாலும் தண்டுவடத்தின் வெண்பகுதியைச் சென்றடையும் செறிவு குறைவு.

முதுகு ஊசி போட்டபின் மறைந்திருந்த நரம்பு நோய் வெளிப்பட்ட நோயாளிகளைப் பற்றி லண்டன் நரம்பியல் நிபுணர் மக்டொனால்ட் கிரிட்ச்லி 1937-இல் எடுத்துரைத்தார், அந்நோய்களில் எம்.எஸ்.ஸும் இருந்தது. பத்து வருஷம் கழித்து, 1947 அக்டோபர் 13 அன்று, இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டு ஆஸ்பத்திரியில் வூல்லி, ரோ என்ற இரண்டு தொழிலாளிகள், ஒரே நாளில், சாதாரணமான அறுவைக்காக ஸ்பைனல் பெற்று, இருவரும் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாக முடங்கிப்போனார்கள். மருந்துக் குப்பிகளைச் சுத்திகரிக்க அமிழ்த்திவைத்திருந்த ஃபீனால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே உட்புகுந்தது என்று கோர்ட்டில் விளக்கம் தரப்பட்டது. கொதிகலத்தைத் துலக்கப் பயன்பட்ட அமிலமே உண்மைக் குற்றவாளியாக இருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். எதுவாயினும் குற்றம் மரக்கவைக்கும் மருந்தினுடையதன்று. ஆனால் பயத்துக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியுமா? 1950-இல் அமெரிக்காவில் ஃபாஸ்டர் கென்னடியும் அவர் சகாக்களும் ஸ்பைனலுக்குப்பின் நேர்ந்த கொடிய முடக்கங்களைத் தொகுத்து வெளியிட்டபோது அச்சம் முழு வடிவம் பெற்றது. ஒரு தலைமுறை வைத்தியர்கள் முதுகு ஊசியையே கைவிட்டார்கள் என்றால் மிகையன்று.

அந்த வெள்ளத்துக்கு எதிராக நீந்தியவர்கள் டிரிப்ஸ், வேண்டம் என்ற இரு அமெரிக்கர்கள். 10,098 ஸ்பைனல்களைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து, பெரிய நரம்புக் கேடு எதையும் காணவில்லை என்று 1954-இல் அறிவித்தார்கள். இதில் ரஸமான திருப்பம் ஒன்று உண்டு. அதே இருவர் 1956-இல் எழுதிய கட்டுரை, முன்னமே நரம்பு நோய் உள்ளவர்களுக்கு ஸ்பைனலுக்குப்பின் அந்நோய் முற்றக்கூடும் என்று எச்சரித்தது. ஆரோக்கியமான உடம்புக்கு முதுகு ஊசியின் பழியைத் துடைத்தவர்களே, நோயுள்ள உடம்புக்கு மட்டும் கேள்விக்குறியை விட்டுச் சென்றார்கள். விடுதலைத் தீர்ப்பில் நுழைந்த இந்த ஒரு விதிவிலக்குத்தான், பிற்காலப் பாடப்புத்தகங்களில் எம்.எஸ். நோயாளிக்கு ஸ்பைனல் கூடாது என்ற ஒரு வரிச் சட்டமாக இறுகிற்று என்பது என் எண்ணம். சட்டத்துக்குச் சாஸ்திரீயமான நியாயமும் கற்பிக்கப்பட்டது: மயலின் உறை உரிந்த நரம்பிழைக்குக் கவசமில்லை, மரக்கவைக்கும் மருந்து அளவு மிஞ்சினால் நரம்புக்கு விஷம் என்பது பிராணிகளில் கண்டது, ஆகவே கவசமிழந்த இழையை அது எளிதில் அழிக்கும். தர்க்கம் அழகாகத்தான் இருக்கிறது. தர்க்கம் அழகாக இருக்கும் இடத்தில்தான் கணக்கைக் கேட்க வேண்டும்.

கணக்கு என்று பார்த்தால், பழைய குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே. விட்டுவிட்டு வருவதே இயல்பான ஒரு நோயில், எந்த நிகழ்ச்சிக்குப் பின்னும் சில வாரங்களுக்குள் ஒரு தாக்கு வந்து சேரலாம். அந்நிகழ்ச்சி முதுகு ஊசியாக இருந்தால் ஊசி குற்றவாளியாகிறது. மேலும் அறுவைச் சிகிச்சை என்பது ஊசி மட்டுமா? முன்னும் பின்னும் மனக்கலக்கம், தூக்கமின்மை, காய்ச்சல், காயத்திலோ சிறுநீர்ப் பாதையிலோ சீழ்த் தொற்று என்று பல சேர்ந்து வருகின்றன. தொற்று இந்நோயைக் கிளறுவது நன்கு அறியப்பட்டது. வெறும் காய்ச்சலோ, ஊட்ஹாஃப் கண்டபடி, புதிய தாக்கு எதுவுமின்றியே பழைய தளர்ச்சியை ஓரிரு நாள் மீட்டுக்கொண்டுவந்து காட்டும். இவற்றையெல்லாம் பிரித்துப் பாராமல் ஊசியின் கணக்கில் எழுதியதே ஆதிகாலத்துப் பிழை.

பிரசவத்தில் இந்த மயக்கம் இன்னும் ஒரு படி ஆழமானது. அதைத் தெளிவித்தது 1998-இல் கான்ஃபாவ்ரே என்ற பிரெஞ்சு நிபுணரின் தலைமையில் வெளிவந்த ஆய்வு. ஐரோப்பாவின் 12 நாடுகளில் 254 எம்.எஸ். பெண்களின் 269 கர்ப்பங்களை அவர்கள் முன்னோக்கிப் பின்தொடர்ந்தார்கள். கர்ப்பத்துக்கு முந்திய வருஷத்தில் ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு 0.7 என்ற விகிதத்தில் இருந்த தாக்குகள், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் 0.2 ஆக வீழ்ந்தன; பிரசவத்துக்குப் பிந்திய முதல் மூன்று மாதங்களில் 1.2 ஆகக் குதித்தன. அதற்குப்பின் பழைய நிலைக்குத் திரும்பின. வயிற்றில் அந்நிய உயிரைப் பொறுத்துக்கொள்ள வேண்டித் தாயின் எதிர்ப்புச் சக்தி தணிந்திருப்பதும், பிரசவமானதும் அது விழித்துக்கொள்வதும் இதற்கு நிபுணர்கள் கூறும் சமாதானம். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், சிசேரியனானாலும் சுகப்பிரசவமானாலும், அந்த மூன்று மாதம் ஆபத்தான காலம். ஊசியோ அந்தக் காலத்தின் வாசலில் வந்து நிற்கிறது. இரண்டு மாதக் கைக்குழந்தையோடு கால் தளர்ந்து படுத்த ஒரு பெண்ணிடம், முதுகில் போட்ட ஊசியால் அல்ல, பிரசவத்தின் இயல்பால் வந்தது என்று சொல்லி நம்பவைப்பது எளிதன்று. அதே ஆய்வு எபிடியூரல் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டபோது, தாக்கின் விகிதத்தில் அதனால் பாதகம் இல்லை என்று கண்டது; 2004-இல் வெளிவந்த அதன் தொடர்ச்சியும் அதையே உறுதிசெய்தது. அபாயமான அந்த மூன்று மாதத்திலும்கூடப் பெண்களில் 72 சதவீதம் பேருக்குத் தாக்கு எதுவும் வரவில்லை என்ற செய்தியையும் அந்தத் தொடர்ச்சியிலிருந்து நாம் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். பயத்தை மட்டும் பரப்புவது ஆராய்ச்சியின் வேலையன்று.

2012-இல் இத்தாலியர்கள் நிறைமாதமாய் முடிந்த 349 கர்ப்பங்களைப் பிரசவத்துக்குப்பின் ஒரு வருஷமாவது பின்தொடர்ந்து வெளியிட்ட கணக்கில் 155 சிசேரியன்களும் 65 எபிடியூரல்களும் இருந்தன. இரண்டுக்கும் பின்வந்த தாக்குகளுக்கும் சம்பந்தம் காணப்படவில்லை. ஆக, எபிடியூரலைப் பொறுத்தவரை வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பேன்.

சிறிதானாலும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இன்னொரு ஆய்வை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். பாஸ்டன் நகரில் பேடரும் அவர் சகாக்களும் எம்.எஸ். பெண்களின் 32 கர்ப்பங்களை ஆராய்ந்து 1988-இல் எழுதினார்கள். சுகப்பிரசவத்துக்கு எபிடியூரல் பெற்றவர்களுக்கும், அவ்விடத்தை மட்டும் மரக்கவைக்கும் ஊசி பெற்றவர்களுக்கும் தாக்கின் விகிதத்தில் வித்தியாசமில்லை. ஆனால் எபிடியூரலுக்குப்பின் தாக்குக் கண்டவர்கள் அனைவரும் 0.25 சதவீதத்துக்கு மேற்பட்ட செறிவில் பியூபிவகெய்ன் என்ற மரக்கவைக்கும் மருந்தைப் பெற்றவர்கள். நீண்ட நேரம் வலியில் கிடந்து மீண்டும் மீண்டும் கடுமையான மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்கு மருந்து கெடுத்ததா, நீண்ட பிரசவத்தின் களைப்பு கெடுத்ததா என்று 32 கர்ப்பங்களைக்கொண்டு சொல்ல முடியாது. அப்படியிருந்தும் இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து நன்மை விளையாமற் போகவில்லை. இன்று பிரசவ வலிக்கு 0.1 சதவீதம் அல்லது அதற்கும் நீர்த்த பியூபிவகெய்னோடு சிறிது ஃபென்டனில் என்ற வலிநிவாரணியைச் சேர்த்துக் கொடுப்பதே பொது வழக்கமாகிவிட்டதால், பேடர் எழுப்பிய ஐயம் தீர்க்கப்படாமலே பயனற்றுப்போயிற்று.

ஸ்பைனலுக்கு இவ்வளவு வசதியான சாட்சியம் இல்லை. அதை மறைப்பதில் லாபமுமில்லை. 2006-இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஹெப்லும் அவர் சகாக்களும், எம்.எஸ். உட்பட மூளையிலோ தண்டுவடத்திலோ முன்னமே வியாதி உடைய 139 நோயாளிகள் முதுகு வழி மரப்பு பெற்ற வரலாற்றைத் திரட்டி, ஒருவருக்கும் புதிய குறையோ பழைய குறையின் பெருக்கமோ உண்டாகவில்லை என்று எழுதினார்கள். ஆறுதலான செய்திதான். ஆனால் 139-இல் பூஜ்யம் என்றால் அபாயமே பூஜ்யம் என்று பொருளன்று. உண்மை அபாயம் நூற்றுக்கு இரண்டாக இருந்தால்கூட, 139 பேரில் ஒருவருக்கும் நேராமல் தப்புவது தற்செயலாக நடக்கக்கூடியதே என்பது புள்ளிவிவர சாஸ்திரத்தின் எளிய கணக்கு. எனவே, ஸ்பைனலுக்கும் நோய் முற்றுவதற்கும் காரண காரியத் தொடர்பு நிரூபணமாகவில்லை. பெரிய அபாயம் இருந்திருந்தால் இத்தனை தசாப்தங்களில் வெளிப்படாமல் இருந்திராது. சிறிய அபாயத்தை முற்றிலும் விலக்கும் கணக்கு இன்னும் சேரவில்லை. பிரசவ வலிக்கு எபிடியூரலே முன்னுரிமை பெறட்டும். அவசர சிசேரியனில் ஸ்பைனலை மறுக்க நியாயமில்லை. இது என் தீர்ப்பு மட்டுமன்று. ஒவ்வொரு நோயாளிக்கும் லாப நஷ்டத்தை எடைபோட்டு முடிவு செய்க என்று மயக்கவியல் சங்கங்கள் தரும் ஆலோசனையும் இந்தத் திசையிலேயே செல்கிறது.

முதுகு ஊசியை மறுப்பவர்கள் மறந்துவிடும் விஷயம், மறுத்தால் எஞ்சுவது முழு மயக்கம் என்பது. அது நோயைக் கிளறுவதில்லை என்பது உண்மை, ஆயினும் அபாயமற்றதன்று. நிறைமாதக் கர்ப்பிணியின் வயிற்றிலுள்ளது மூச்சுக்குழலுக்குள் இறங்கும் அபாயம் யாருக்கும் உண்டு. குழாய் செருகுவதற்காகத் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ஸ்கோலின், கால்கள் நாட்பட முடங்கியிருக்கும் எம்.எஸ். நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியத்தைத் திடீரென்று உயர்த்தி இதயத்தை நிறுத்திவிடவும் கூடும். மூச்சுத் தசைகள் பலவீனப்பட்டவளுக்கு மயக்கம் தெளிவது ஒரு சோதனை. பழைய காலத்து ஒரு வரிச் சட்டம் தராசின் ஒரு தட்டை மட்டுமே பார்த்தது.

நம் நாட்டுக்கே விசேஷமாக உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. எம்.எஸ். என்று சீட்டு எழுதப்பட்ட எல்லாமே எம்.எஸ். அன்று. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோயை, ரத்தத்தில் அதற்குரிய எதிர்ப்பொருள் இருப்பதைக்கொண்டு வேறுபடுத்தலாம் என்பது 2004-இல்தான் தெரியவந்தது. ஆசியர்களிடம் அதன் பங்கு ஐரோப்பியர்களிடம் உள்ளதைவிட அதிகம். மங்களூர்க் கணக்கிலும் அது குறிப்பிடத்தக்க இடம் பெற்றது. அந்நோயில் தண்டுவடத் தழும்பு மூன்று முள்ளெலும்புகளுக்குமேல் நீண்டு கிடக்கும். தாக்குகள் எளிதில் ஆறுவதில்லை. மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வுகளின் ஆறுதலை அப்படியே எடுத்து இந்நோயாளிகளுக்குச் சூட்டுவது தவறாகும். அக்வாபோரினுக்கு எதிரான அந்த எதிர்ப்பொருளின் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கர்ப்பத்தின் நடுவிலேயே கேட்டு வைத்துக்கொள்வது, ஊசி போடும் அறையில் நின்று யோசிப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இங்கேதான் மலை வந்து நம் விசாரணையில் தலையிடுகிறது. ஏற்காட்டில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. 2008 முதல் 108 வண்டியும் ஓடுகிறது. ஆனால் நரம்பியல் நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் பெரிய ரத்த வங்கியும் ஒருங்கே கிடைப்பது அடிவாரத்தில், மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களிலேதான். தோட்டத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் மலைக்கிராமத்திலிருந்து தார்ச்சாலைக்கு வருவதே ஒரு பயணம். பனி மூடிய இரவில் இருபது வளைவுகளையும் இறங்குவது இன்னொன்று. பிரசவ வலியோடு நள்ளிரவில் வந்து சேரும் பெண்ணின் காலை அப்போதுதான் முதன்முதலாகத் தொட்டுப் பார்க்கும் டாக்டருக்கு, அவளுடைய இடது காலின் தளர்ச்சி இரண்டு வருஷத்துச் சரக்கா, இன்று வந்ததா என்று எப்படித் தெரியும்? ஊசிக்குப்பின் அதே தளர்ச்சியைக் கண்டால் ஊசியைத்தானே நோவார்? முப்பத்திரண்டாம், முப்பத்து நான்காம் வாரத்திலேயே அவளை ஒருமுறை கீழே அழைத்து, நரம்பியல் நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் பார்த்துவைப்பது, எந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியைவிடப் பெரிது.

அப்படிப் பார்ப்பது என்றால் என்ன என்பதைச் சற்று அருகில் நின்று காணலாம். பஞ்சால் தொட்டும் குண்டூசியால் மெல்லக் குத்தியும் எங்கெல்லாம் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். முழங்காலில் சுத்தியால் தட்டுவார்கள். உள்ளங்காலை அடியிலிருந்து மேலாகக் கீறி, பெருவிரல் மேல்நோக்கி மடங்குகிறதா என்று கவனிப்பார்கள். சிறுநீர் தங்குகிறதா, அவசரப்படுகிறதா என்று கேட்பார்கள். இதைக் கூச்சத்தால் மறைக்கும் பெண்கள் அதிகம். தசைப்பிடிப்புக்குச் சாப்பிடும் பேக்லோஃபென் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நீண்டநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவளுக்கு அறுவையின்போது கூடுதல் வேளை தேவைப்படலாம். எல்லாம் தேதியோடு ஒரு காகிதத்தில் ஏற வேண்டும். அந்தக் காகிதம் ஆஸ்பத்திரி அலமாரியில் அல்ல, அவளுடைய தாய்சேய் அட்டைக்குள் மடித்துவைக்கப்பட வேண்டும்.

ஊசி போடும் நேரம் மிகச் சிறியது. மேஜை விளிம்பில் தலையணையை அணைத்தபடி அவள் உட்கார, சிஸ்டர் முன்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டு, “கூன் போட்டு உட்காரும்மா, அசையாதே, ரெண்டே நிமிஷம்” என்கிறாள். முதுகில் மருந்து தடவும் ஜில்லிப்பு. இடுப்பெலும்பின் இரு முகடுகளையும் விரலால் தொட்டு, அவற்றின் மட்டத்தில் முள்ளெலும்புகளின் இடுக்கைக் கணித்து, மெல்லிய ஊசி உள்ளே போகிறது. ஊசியின் பின்வாயில் கண்ணீர்போல் தெளிந்த ஒரு சொட்டு நின்றதும் இரண்டு மில்லி அளவு பியூபிவகெய்ன் செலுத்தப்படுகிறது. கால்களில் முதலில் வெதுவெதுப்பு, பின் கனம், பின் ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம் இறங்குவது எல்லோருக்கும் உண்டு. தன்னியக்க நரம்புகள் பழுதான எம்.எஸ். நோயாளிக்கு அது சற்று அதிகமாக இறங்கலாம், ஆகவே கண்ணை எடுக்கக் கூடாது. குளிரால் நடுங்குகிறாள் என்று கனத்த கம்பளி போர்த்திச் சூடேற்றிவிடுவதும், எபிடியூரலோடு நீண்ட பிரசவத்தில் சில பெண்களுக்கு உடல் சூடு தானே ஏறுவதைக் கவனியாமல் விடுவதும் இங்கே தவறு. மருந்தைவிட வெப்பமானிக்கு அஞ்சத்தக்க நோய் இது.

வீடு திரும்புவதிலும் ஒரு மலைநாட்டு நுணுக்கம் இருக்கிறது. ஸ்பைனலில் உறையிலிட்ட துளை வழியே நீர் கசிந்து, பியர் அநுபவித்த அதே தலைவலி சிலருக்கு ஓரிரு நாளில் வருகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் பிளக்கும், படுத்தால் தணியும் என்பதே அதன் அடையாளம். அந்த நிலையில் பஸ்ஸில் உட்கார்ந்து மலையேறும் இளந்தாய்க்கு வளைவுதோறும் தலை சுழன்று வாந்தி வந்தால், நோய் மறுபடி தாக்கிவிட்டது என்று வீட்டார் பதறுவது சகஜம். படுத்துப் பார், தணிகிறதா என்று கேட்பது முதல் பரீட்சை.

அதற்குப்பின் வரும் மூன்று மாதமே கண்காணிக்க வேண்டிய காலம். காலோ கண்ணோ தளர்ந்தால் முதலில் காய்ச்சல் இருக்கிறதா, சிறுநீர் கடுக்கிறதா என்று ஏற்காட்டு ஆஸ்பத்திரியிலேயே பார்த்துவிடலாம். தொற்றைத் தீர்த்ததும் தளர்ச்சி தானே விலகினால் அது வெறும் சூட்டின் வேலை. காய்ச்சலில்லாமல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குமேல் தளர்ச்சி நீடித்தால் அது உண்மைத் தாக்கு. அப்போது தாமதியாமல் சேலத்துக்கு இறங்கி, நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் மெதில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டை ரத்தநாளம் வழியே ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அங்கே முதலில் கேட்கப்படுவது, கர்ப்பத்தின்போது அந்தக் கால் எப்படி இருந்தது என்பதுதான். பதில் அட்டைக்குள் மடித்த காகிதத்தில் இருக்கிறது.